பூந்திடலுக்கு ஒரு கேட்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் கேட்டுக்காரர் என்றுதான் பெயர். இங்குள்ள வீடுகளில் பாதிக்கு மேல் அவர் பட்டறையில் வெல்டிங் செய்த கேட்டுகள்தான் நிற்கின்றன. காலமெல்லாம் அடுத்தவர் உள்ளே வராமல் இருக்க இரும்பை வளைத்த மனுஷன், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும்படி மரமும் பூவுமாக ஓர் இடம் வேண்டும் என்று கிளம்பினால் வீட்டில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தலைவலிதான் வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த நகராட்சி நிலம் அது. உடைந்த கழிப்பறைப் பீங்கானும் இடித்த சுவரின் கற்களும் குவிந்து கிடந்தன. இந்தப் பக்கம் எங்கள் தெரு, அந்தப் பக்கம் ஓடைக்கரைக் குடியிருப்பு. இவர் நாயாய் அலைந்து அனுமதி வாங்கினார். ஆனால் நகராட்சி அதை எங்கள் தெருச் சங்கத்தின் பேரில்தான் கொடுத்தது. வினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

சங்கத்துக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கல் பொறுக்கியது ஓடைக்கரை ஆட்கள். அங்கே இருக்கும் தையல்காரம்மா தினமும் கடை திறப்பதற்கு முன்னால் குடத்தோடு வந்து, நாங்கள் நட்டிருந்த அத்திக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். காட்டுப்பூ விதைகளை மணலோடு கலந்து தூவியதும் அவர்தான். நானும் இவரைத் திட்டிக்கொண்டே கூடை சுமந்தேன்.

மழைக்குப் பிறகு திடல் முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்தது. நான் வாயடைத்துப் போனேன். என் வாய்க்கு அது அடிக்கடி நடக்கும் காரியமில்லை. பட்டறையில் மிச்சமிருந்த குழாய்களை வைத்து இவர் பெஞ்சுகள் செய்து போட்டார். சாயங்காலமானால் இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள்.

பூவெல்லாம் உதிர்ந்து விதை காய்ந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பூச்செடிகூட இல்லை. எல்லாம் வேரோடு போயிருந்தன. விதை மண்ணில் விழவில்லை என்றால் அடுத்த வருஷம் எது முளைக்கும்? இவர் வெறும் மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. உட்கார்ந்து யோசிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஓடைக்கரைப் பிள்ளைகளின் வேலைதான் என்று அன்றே கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கேட், ஒரு பூட்டு, சாவி சங்கத்து வீடுகளுக்கு மட்டும். கேட்டை யார் செய்வது என்ற பேச்சு வந்ததும் எல்லாத் தலைகளும் இவர் பக்கம் திரும்பின.

"என் கையால செய்ய மாட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. வீடு வீடாக ஏறி விசாரித்தேன். கடைசியில் தலைவர் வீட்டுத் தோட்டக்காரரே உண்மையைப் போட்டு உடைத்தார். நகராட்சியிலிருந்து பார்வையிட வருகிறார்கள், களையெல்லாம் பிடுங்கி இடத்தைச் சுத்தமாக்கு என்று தலைவர்தான் சொன்னாராம். காய்ந்த பூச்செடிகள் அவர் கண்ணுக்குக் களையாகத் தெரிந்திருக்கின்றன. நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. ஆனா கேட் இருக்கறது எப்பவும் நல்லதுதானே? இருக்கட்டும்."

அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வேறொரு பட்டறைக்காரர் வந்து கேட்டை மாட்டிவிட்டுப் போனார். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீல் வைத்த இடத்தில் வெல்டிங் சரியில்லை என்று முணுமுணுத்தார். கோபத்திலும் தொழில் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த சாவியை இவர் தொடவேயில்லை. நான் எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. காலையில் நானே போய்த் திறந்து வைப்பது, இருட்டும் வரை பூட்டுவதில்லை, எவன் கேட்கிறான் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

நேற்றுத்தான் முதல் நாள். பூட்டைத் திறந்து, கேட்டை அகலத் தள்ளி, கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். தையல்காரம்மா குடத்தோடு வெளியே நின்றிருந்தார். வழிதான் விரியத் திறந்து கிடந்ததே, வரவேண்டியதுதானே? வரவில்லை. என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

முந்தின வாரம்வரை என்னை வாடி, போடி என்று கூப்பிட்டவர் அவர்.