போத்தலில் இருந்த மயில்

இதை எழுத உட்கார்ந்து, பிறகு வேண்டாம் என்று எழுந்துபோன வருஷங்கள் எத்தனையோ. நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் படித்தவள். அது ஒரு தயக்கம். இன்னொரு தயக்கம் பெரியது. எங்கள் சொந்தத்தில் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். செத்த மீனை முருகன் எழுப்பினார் என்று ஒரு கட்சி, என் அப்பா விரதத்தை முறித்தார் என்று இன்னொரு கட்சி. இரண்டும் நடந்ததல்ல. நடந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

மலாயாவில் குளுவாங் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் நாங்கள் கூலிக் குடும்பம். அப்பாவுக்கு மரம் சீவுகிற வேலை இல்லை, எண்ணெய் ஊற்றுகிற வேலை. முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, லோங்கான் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைகளிலும் சதுப்புக் குட்டைகளிலும் மண்ணெண்ணெய் நாற்றமடிக்கும் எண்ணெயைப் பீய்ச்சுவார். கொசுப்புழு மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகும். எனக்கு ஒன்பது வயதில், கொசுக்கடியால் வருகிற குளிர்காய்ச்சல் வந்து, எஸ்டேட் ஆஸ்பத்திரியிலேயே கைவிட்ட நிலையில் பிழைத்தேன். அதற்காக அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அப்பா வேண்டிக்கொண்டார்.

காய்ச்சல் விட்டு நான் படுத்திருந்த நாளில்தான் அப்பா அந்த மீனைக் கொண்டுவந்தார். எண்ணெய் ஊற்றப்போன குட்டையில் அது நின்றதாம். ரப்பர்ப் பால் பிடிக்கிற கிண்ணமான மங்கில் கோரியெடுத்து வந்திருந்தார். மலாய்க்காரர்கள் ஈக்கான் லாகா என்பார்கள், அதாவது சண்டை மீன். மிட்டாய் போத்தலில் விட்டு ஜன்னலில் வைத்தார்கள். முதலில் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. அம்மாவின் முகம்பார்க்கும் கண்ணாடியை நான் பக்கத்தில் காட்டினேன். அவ்வளவுதான். செவுளை விரித்து, துடுப்பை விரித்து, வாலை விசிறி போல விரித்து, உடம்பெல்லாம் மயில்கழுத்து நீலமாக எழுந்து நின்றது. வால் ஓரத்தில் குங்குமக் கோடு. கைகூப்பிவிட்டேன். முருகனுடைய மயில்தான் தண்ணீருக்குள் இப்படி வந்திருக்கிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இன்று நினைத்தாலும் அந்த நினைப்புக்காக எனக்கு வெட்கம் இல்லை.

மார்கழி பிறக்கும் முன்பே நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கியது. வீட்டில் கருவாட்டுச் சட்டி வெளியே போனது. உயிர்க்கொலை கூடாது என்று அம்மா கண்டிப்பு. கையில் உட்கார்ந்த கொசுவைக்கூட அடிக்காமல் வாயால் ஊதி அனுப்ப வேண்டும். அந்த வீட்டிலிருந்துதான் அப்பா தினமும் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

கங்காணியே வந்து கேட்டார். “ஏன்யா, பூசம் முடியிற வரைக்கும் புல்லு வெட்டப் போயேன். டின்ன வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்.”

“வேணாங்க. நானே பாத்துக்கிறேன்” என்றார் அப்பா.

பக்கத்து வீட்டு அத்தை இடுப்பில் கைக்குழந்தையோடு சிரித்தார். “அலமாக்! வீட்டுல சாமியாரு, லோங்கான்ல எமனா?”

எனக்கு மானம் போயிற்று. இரவுச் சோற்றின்போது கேட்டேன்: “அப்பா, அந்தப் புழுவும் உயிருதானே?”

“உயிருதான் பாப்பா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அப்பா செய்யாததை நானாவது செய்வோம் என்று மீனுக்கு நான் போட்டுவந்த கொசுப்புழுவை நிறுத்தினேன். சாமியின் வாகனத்துக்குப் புழுவா? சாமிக்குப் படைத்த சோற்றில் காலையில் நாலு பருக்கை, மாலையில் நாலு. மீன் முதலில் கவ்வித் துப்பியது. பசி வந்ததும் விழுங்கியது. நல்லதாக இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை திருநீறும் தண்ணீரில் கரைத்துவந்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் மீன் வயிறு மொச்சைக்கொட்டையாகப் புடைத்தது. நீலம் போய்ச் சாம்பல் நிறமாயிற்று. கண்ணாடி காட்டினால் திரும்பவில்லை. ஒருக்களித்து மிதந்து, எப்போதோ ஒரு முறை வாயைத் திறந்தது. கண்ணேறு என்றார் அம்மா. மிளகாய் சுற்றிப் போட்டோம். எனக்கோ வேறு பயம். விரத வீட்டில் மீன் செத்தால் கொலை நடந்ததாக ஆகும், வேண்டுதல் கெடும், காய்ச்சல் எனக்குத் திரும்ப வரும். மீனைப் பார்ப்பேன், என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன், மறுபடி மீனைப் பார்ப்பேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே போத்தலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். அடியில் வெள்ளையாக வண்டல்.

“பாப்பா, எத்தன நாளாச் சோறு?”

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மயில் என்றும் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் கீழே என்னைத் தூக்கிப் பிடித்தார். “மயிலோட காலுல என்னா இருக்குது, நல்லாப் பாரு.”

தினமும் கும்பிட்ட படம். அன்றுதான் பார்த்தேன். காலடியில் பாம்பு.

“மயிலு பாம்பையே புடிக்கும். இதுக்கு நீ சோறு போட்டா எப்பிடி? வயிறு அடச்சுக் கெடக்குது.”

திருநீறைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் பூசவேண்டியதை நான்தான் போத்தலில் போட்டேன், திருநீறின் பேரில் பிழை இல்லை.

எண்ணெய் படாத தூரத்துக் குட்டையிலிருந்து, இலை ஊறித் தேயிலைச் சாயம் போலிருந்த தண்ணீரைக் கொண்டுவந்து மாற்றினார். மூன்று நாள் ஒன்றும் போடக்கூடாது என்றார். மூன்று நாளும் நான் அரைப்பட்டினி கிடந்தேன். இரண்டாம் நாள் வயிறு கொஞ்சம் வாடியது. மூன்றாம் நாள் மீன் நிமிர்ந்து நின்றது. நான்காம் நாள் காலையில் அப்பா ஒரு மங்கு நிறைய கொசுப்புழுவோடு வந்தார்.

அம்மா வாசலை மறித்தார். “விரதத்துல என்னாங்க இது வேல?”

“விரதம் எனக்குத்தானே? மீனு எப்ப மால போட்டுச்சு?”

“பாவமில்லியா?”

“இருந்தா என் தலையில வரட்டும். நகரு.”

ஒரு புழுவை விட்டார். மீன் அசையாமல் பார்த்தது. பிறகு ஒரே வெட்டு. அடுத்தது, அதற்கடுத்தது. என் கண்ணெதிரே சாம்பலுக்குள்ளிருந்து நீலம் ஊறி வந்தது, தலையிலிருந்து வால்வரைக்கும். செவுள் விரிந்தது. குங்குமக் கோடு எரிந்தது. “முருகா” என்று சத்தமாகவே சொன்னது அம்மாதான்.

தைப்பூசத்தன்று அப்பா காவடி எடுத்தார். கூட்டத்தில் நான் அம்மாவின் தோளைப் பிடித்து எக்கிப் பார்த்தேன். கொசுப்புழுவைக் கொன்ற கையால் தூக்குகிறாரே, சாமி ஏற்பாரா என்று எனக்குள் நடுக்கம். அவர் கண்ணில் நீர் வழிந்தது. குத்தியிருந்த அலகு வலிக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நாற்பத்தெட்டு நாளும் அப்பா எந்த இடத்தில் அதிக நேரம் நின்றார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தையின் பின்புறத்து லோங்கான். ஒரு வாளித் தண்ணீர் தேங்கினாலும் குனிந்து பார்ப்பார். உள்ளே சேலை ஏணையில் அந்தக் கைக்குழந்தை தூங்கும். வேலையை வேறு ஆளிடம் விட அவருக்கு ஏன் மனம் வரவில்லை என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. ஏணை ஆடுவதையும் அப்பா குனிவதையும் பார்த்துக்கொண்டு, எப்போது வீட்டுக்கு வந்து மீனைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இப்படியே சொல்லுங்கள். மீன் பிழைத்தது, புழு செத்தது, அப்பா காவடி எடுத்தார். இதில் எதையும் கூட்ட வேண்டாம். கேட்க நன்றாக இல்லை என்று எதையும் விட்டுவிடவும் வேண்டாம்.