மூடிய ஜிப்

சர்க்கரை மாத்திரைகளைப் போட்டு வைக்க நானே ஒரு ஜிப் பை தைத்தேன். கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கும். அதை வைத்துப் பீற்றிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். லைனிங் வைத்த பையை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, கடைசியில் ஜிப் வழியாகப் புரட்ட வேண்டும். நான் ஜிப்பைத் திறந்து வைக்காமலே சுற்றிலும் தைத்துவிட்டேன்; இனி புரட்ட வழியில்லை.

எங்கள் ஊர் பரவையில் அம்மா தையல் சொல்லிக்கொடுத்தாள். இந்தத் தப்போடு யார் வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஜிப்பை மட்டுமா மூடி வச்ச, மூளையையும் சேர்த்தா?"

எனக்கு ஒன்பது வயதில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய கண்ணாடியும் சீப்பும் வைக்க அம்மா பை தைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வந்து அவளை வாசலுக்கு அழைத்து ஏதோ மெதுவாகச் சொன்னார். "இந்த ஓரத்த முடிச்சிட்டு வாரேன்" என்று திரும்பி வந்து மறுபடி மிதித்தாள். எண்ணெய் வாசனையோடு மெஷின் ஓடியது. எட்டிப் பார்த்தேன். ஜிப் மூடியிருந்தது. வாழ்நாள் வாய்ப்பு, விடுவேனா?

"எம்மா, ஜிப்பை மட்டுமா மூடி வச்ச, மூளையையும் சேர்த்தா?" என்று கைதட்டிச் சிரித்தேன்.

அம்மா நிமிரவில்லை. "இருக்கட்டும்டி. இனிமே யாரு அதைத் திறக்கப் போறா?"

சித்தப்பா வந்து மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மதியம் அப்பாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள்.

"எம்புட்டு நேரமா அதையே பாக்குற? பிரிச்சுத் தைச்சா ஆச்சு" என்றார் கணவர், என் கையிலிருந்த மாத்திரைப் பையைப் பார்த்து.

ஐந்து நிமிட வேலைதான். மாத்திரைகளைப் பழைய டப்பாவிலேயே போட்டுக்கொண்டேன்.