கோட்டுக்குக் கீழே இருந்த பட்டன்

போன வாரம் திருக்கோவிலூரில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன், ஓடாத மிக்சி ஒன்றைத் தலைமுழுகிவிட்டு வரலாம் என்று. மூலையில் பெட்டி மானிட்டர் ஒன்று பின்பக்கம் புடைத்துக்கொண்டு கிடந்தது. ஓடுகிறதா பார்க்கலாம் என்று கடைக்காரர் அதைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் அதன் தலையிலிருந்த ஓட்டைகள் வழியாகச் சூடான தூசி வாசனை வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்குமே, அதே வாசனை. மற்றவர்களுக்கு அது காதல் கடிதம் டைப் அடித்த நாட்களை ஞாபகப்படுத்தலாம். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மிக்சியை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

எனக்கு எதற்குக் காது சூடாக வேண்டும் என்று கேட்பீர்கள். அதைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நானும் ஒரு கம்ப்யூட்டருமாக ஒரு கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். கார்டில் ‘சீனியர் வெப் டிசைனர்’ என்று அச்சடித்திருந்தேன். ஜூனியர் யாரும் கிடையாது. டீ வாங்கி வருவதும் சீனியர்தான். ஊர்க்காரர்களுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று புரியவே இல்லை. உண்மையில் என் நாளின் பெரும்பகுதி, திரையில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைப்பதில் போய்க்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள். சி.எஸ்.எஸ். என்பது இணையப் பக்கத்தில் எது எங்கே இருக்கவேண்டும், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று பிரவுசருக்கு நாம் எழுதித் தரும் குறிப்பு. எழுதித் தருவதுதான் நம் கையில் இருந்தது. ஒரு பிரவுசர் சொன்னபடி கேட்கும், இன்னொன்று இரண்டாவது பெட்டியைக் கீழே தள்ளிவிடும், மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் யாரும் கேட்காத இடைவெளி ஒன்றை விடும். பெட்டிகளை மிதக்கவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் பெரிய பெட்டி சுருங்கிப்போய்விடும். அதற்கு ஒரு குறுக்குவழி எல்லோரிடமும் உண்டு. ‘வெளியே வழிவதை மறைத்துவிடு’ என்று ஒரு வரி. அதைப் போட்டால் பெரிய பெட்டி ஒழுங்காக நிமிர்ந்து நின்றுவிடும். எனக்கு அந்த வரிமேல் தனிப் பிரியம். எதில் சிக்கல் வந்தாலும் அதைத்தான் போடுவேன், ரசப்பொடி மாதிரி.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன நர்சிங் பள்ளி ஒன்றிலிருந்து வேலை வந்தது. அந்த வருடம் முதல் விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும் என்றார்கள். தமிழிலும் ஒன்று இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். அலுவலகம் பார்த்த சிஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “நல்ல யோசன தம்பி. மலையில இருந்து வர்ற பொண்ணுங்களுக்கு ஒதவியா இருக்கும்” என்றார். அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஆங்கிலப் பக்கத்தை முதலில் செய்தேன். படிவத்தைச் சுற்றி ஒரு பெட்டி, அதற்கு அளந்து வைத்த உயரம், வழக்கம்போல அந்த ‘மறைத்துவிடு’ வரி, அடியில் ஓர் அழகான நீலக் கோடு. கோட்டுக்குக் கீழே ‘உதவிக்கு அழைக்கவும்’ என்று என் செல்போன் எண். பிறகு அதையே நகலெடுத்து, ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களை வைத்தேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தது தமிழில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர்’ என்று நீண்டது. ஆனாலும் என் கம்ப்யூட்டரில் நான் தேடிப்பிடித்துப் போட்டிருந்த மெல்லிய தமிழ் எழுத்துரு இருந்ததால் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. பிரமாதம் என்று எழுந்துவிட்டேன். கீழே ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பதினெட்டுப் படி இறங்கி அதில் ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள். மெஸ்ஸில் சாம்பார் சாதத்தில் கை வைத்திருந்தபோது போன் அடித்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஆரோக்கியமேரி அக்கா. ரிஷிவந்தியத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பவர்.

“தம்பி, ஃபார்ம் எல்லாம் ரொப்பிட்டோங்க. அனுப்பற பட்டன்தான் எங்க இருக்குதுன்னு தெரியல.”

“நல்லா கீழ இழுத்துப் பாருங்கக்கா.”

“இழுத்துக்கினேதான் இருக்கறோம். இன்னான்னு புரியல. இருங்க, அந்தப் பொண்ணுகிட்டயே குடுக்கறேன்.”

அலமேலு என்று பெயர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கி வந்திருந்தாள். குரல் மெதுவாக, ஆனால் தெளிவாக இருந்தது.

“அண்ணா, கடைசியா பெத்தவங்க பேரு கேக்குது. அதுக்கு அடியில ஒரு நீலக் கோடு. கோட்டுக்குக் கீழ உங்க நம்பரு. வேற ஒன்னும் இல்லண்ணா.”

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு குறையை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. படித்தவர்கள், பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் ‘சைட் வேலை செய்யவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார்கள். அவள் பார்த்ததைப் பார்த்தபடி வரிசையாகச் சொன்னாள். எனக்குச் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

“மலையில இருந்து வர்றீங்க, கம்ப்யூட்டர் புதுசா இருக்கும். அவசரப்படாம, நல்லா கீழ வரைக்கும் இழுத்துப் பாரும்மா. இருக்கும்” என்றேன்.

“சரிங்க சார்” என்றாள். அதுவரை அண்ணாவாக இருந்தவன் அந்த நொடியில் சாராகிவிட்டேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்பளம் கேட்டேன். விசைப்பலகையில் என்டரைத் தட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே விண்ணப்பம் போயிருக்கும். அவ்வளவு சின்ன விஷயம். மத்தியான பஸ்ஸை விட்டால் மலைக்குப் போகமுடியாது என்று அவள் கிளம்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து என் கடையில் இணைய இணைப்பு செத்துப்போனது. மேரி அக்கா கடைக்குப் போய், காலியாக இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வந்த வேலை முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் செய்ததை நானே ரசிக்கலாம் என்று பள்ளிப் பக்கத்தைத் திறந்து ‘தமிழ்’ என்பதைத் தட்டினேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் என் மெல்லிய எழுத்துரு இல்லை. அகலமான, தடித்த எழுத்து. ஒவ்வொரு கேள்வியும் இரண்டு வரியாக மடங்கியிருந்தது. படிவம் நீண்டுவிட்டது, நான் அளந்து வைத்த பெட்டி நீளவில்லை. மிச்சத்தை, நான் எழுதித் தந்தபடியே, மறைத்துவிட்டது. பெத்தவங்க பேரு. அதுக்கு அடியில ஒரு நீலக் கோடு. கோட்டுக்குக் கீழ என் நம்பர். பட்டன் அந்தக் கோட்டுக்கு அடியில் எங்கோ புதைந்திருந்தது.

“இதேதாங்க அன்னிக்கும் வந்துச்சி” என்றார் மேரி அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்று.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் மட்டும் வேறு சொன்னது. “உங்க சிஸ்டம் ரொம்பப் பழசுக்கா. பிரவுசரும் பழசு. அதான் பிரச்சினை.”

பச்சைப் பொய். எத்தனை புதிய பிரவுசராக இருந்தாலும் அந்த வரி அதே பட்டனைத்தான் விழுங்கியிருக்கும்.

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. “அப்போ எங்க மேலதான் தப்பா? அய்யோ, அந்தப் பொண்ணு பாவம். சந்தைக்கு வரும், பாத்துச் சொல்லிடறேங்க.”

அன்றைக்கே நான் எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறியிருக்கலாம். தேர்வுப் பட்டியல் இன்னும் ஒட்டியிருக்கவில்லை. சிஸ்டர் நல்லவர், தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் ஒரு விண்ணப்பத்தைக் கையாலேயே வாங்கியிருப்பார். ஆனால் அவர்களுடைய இன்னொரு பள்ளிக்கும் நான்தான் பக்கம் செய்வதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சீனியர் வெப் டிசைனர் தன் வாயால் தன் தப்பைச் சொல்வாரா? மாடிக்கு வந்து, இணைப்பு திரும்ப வந்ததும், உயரத்தை அழித்து, ஒரு வரியை மாற்றினேன். இரண்டு நிமிடம் ஆனது. விண்ணப்பிக்கும் நாள்தான் முடிந்திருந்தது.

அடுத்தமுறை பார்த்தபோது மேரி அக்கா தானாகவே சொன்னார். “அந்தப் பொண்ணப் பாத்தேங்க. எங்க கம்ப்யூட்டர்தான் பழசும்மா, மன்னிச்சிக்கோன்னு சொல்லிட்டேன். ‘இல்லக்கா, அந்த சார் சொன்னாப்ல நான்தான் சரியா இழுக்கல’ன்னுது. அடுத்த வருசம் போடறியான்னு கேட்டேன். வூட்ல மாப்ள பாத்துக்கினு இருக்காங்களாம்.”

என் தப்புக்கு ஒருத்தர் மன்னிப்புக் கேட்டுவிட்டார், இன்னொருத்தி பழியையே எடுத்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் சும்மா சொல்லவில்லை, இதை எழுதும்போதும் எழுந்து போய்விடலாமா என்று இருக்கிறது. அந்த வருடம் ‘தமிழ்’ என்பதைத் தட்டிவிட்டுத் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேரோ, தெரியாது. எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்க ஒரு மேரி அக்கா பக்கத்தில் இருந்திருக்கமாட்டார்.

மறுவருடம் விண்ணப்பம் தொடங்கும் முன்பே சிஸ்டர் கூப்பிட்டார். “போன வருசம் தமிழ்ல ஒருத்தர்கூட அனுப்பலியே தம்பி. எல்லாருக்கும் இங்கிலீஷ்தான் வேணும் போல. எதுக்கு அது, எடுத்துடுங்க.” சரி சிஸ்டர் என்றேன். என் கையாலேயே எடுத்தேன்.

இப்போது அந்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மேரி அக்கா மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. அந்தப் பழைய பிரவுசர்களும் மறைந்துவிட்டன. பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைக்க இன்றைக்கு ஒரே வரி போதும், நான் தலைகீழாக நின்று கற்ற வித்தை எதுவும் யாருக்கும் தேவையில்லை.

அன்று திருக்கோவிலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே போனை எடுத்து அந்தப் பள்ளியின் பக்கத்தைத் திறந்தேன். வேறு யாரோ புதிதாகச் செய்திருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. பட்டன் பெரிதாக, பளிச்சென்று தெரிகிறது. எல்லாம் ஆங்கிலம். ‘தமிழ்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். அவசரப்படாமல், நன்றாகக் கீழ் வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். இல்லை.