வெள்ளிக்கிழமை போன்

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டில் போன் அடிக்கும். அதை ஸ்பீக்கரில் போட்டு, கூடத்து நடுவில் ஒரு சொம்பில் சாய்த்து வைப்பார்கள். மொத்தக் குடும்பமும் சுற்றி உட்காரும். வளைகுடாவில் லாரி ஓட்டிய அந்த வீட்டு அண்ணன் தன் மனைவியிடம் தனியாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். யாராவது போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கினால் ஏதோ கெட்ட சேதி என்று வீடே பயந்துவிடும். அண்ணனும் வாரா வாரம், "நான் நல்லாருக்கேன், நீங்கல்லாம் நல்லாருக்கீங்களா?" என்பார்.

நான் அப்போது சென்னையில் சர்வதேச மனித உரிமைச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு விருத்தாசலம் வந்திருந்தபோது, பீங்கான் கம்பெனி வேலை முடிந்து திரும்பிய அண்ணி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அவரு பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சிக்கிட்டாராம். கூட வேலை செய்யறவரு வூட்டுல சொல்றாங்க. ஒலகச் சட்டமெல்லாம் படிக்கிறியே, ஏதாவது பண்ணும்மா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படிப் பிடுங்கி வைப்பது தவறென்று எத்தனை ஒப்பந்தங்கள் சொல்கின்றன! ஆனால் அவற்றை நிறைவேற்ற ஒரு போலீஸ்காரர் கிடையாதே, அதை எந்த வாயால் சொல்வது? முதலில் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிட வேண்டும். அங்கே நடக்காவிட்டால் ஐ.நா. குழுக்களுக்கு எழுதலாம். எங்கே எழுதினாலும் அண்ணனின் சம்மதம் வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். "அண்ணா, பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டேன்.

"எல்லாம் பத்திரமா இருக்குதும்மா. ஒன் படிப்பு எப்படிப் போவுது?"

அட போங்க அண்ணா, என்று எரிச்சலாக வந்தது. அண்ணி சட்டென்று எழுந்து ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவருடைய மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வந்த அண்ணியின் கண்கள் சிவந்திருந்தன.

"எழுதச் சொல்லிட்டாரு," என்றார்.

அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதினோம். முதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மறுபடி எழுதினோம். மாதக்கணக்கில் இழுத்தடித்து, ஒருவழியாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். அதே முதலாளியிடம் பாஸ்போர்ட் மாட்டியிருந்தும் சம்மதம் சொல்லப் பயந்த மற்ற ஓட்டுநர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இன்று அதே பாடத்தை நானே நடத்துகிறேன். "இந்தச் சட்டத்த யாரு மேடம் அமல்படுத்துவாங்க?" என்று பிள்ளைகள் கேட்கும்போது நாடுகள், குழுக்கள், அறிக்கைகள் என்று விளக்கிவிடுகிறேன். அண்ணன் வந்து இறங்கிய அன்று பார்த்ததை மட்டும் வகுப்பில் சொல்ல முடிந்ததில்லை.

அவருடைய அம்மா மகனின் கையை விடவே இல்லை. "இவ்ளோ கஷ்டத்த வச்சிக்கிட்டு சும்மா இருந்தியேடா. எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லியிருக்கக் கூடாதா?"

அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

"சொன்னா, ஒடனே கெளம்பி வந்துருன்னு சொல்லுவீங்களேம்மா. நான் எப்படிம்மா வருவேன்?"