கொண்டக்டரின் சட்டையை நான் அயன் பண்ணிய கதை

அச்சகத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்குச் சுருக்கம் என்றால் எதிரி. தாளில் ஒரு மடிப்பு விழுந்தால் முதலாளி அதைத் தூக்கிக் காட்டி, "இத உன் கல்யாணக் கார்டுக்கு வச்சுக்கோ" என்பார். அந்தப் பயிற்சியோடுதான் ஓய்வுக்குப் பிறகு பிலிமத்தலாவையில் ஓர் அறை எடுத்து, இறந்துபோனவர்களின் உடுப்பில் மை தடவித் தாளில் அச்செடுக்கும் வேலையைத் தொடங்கினேன். இளசுகள் இதை ஆர்ட் பிரிண்ட் என்கிறார்கள். திகன வீட்டில் என் மனைவி, "மவுத்தானவங்கட உடுப்புக் கடை" என்கிறாள்.

முதல் ஆளாக வந்தவர் கலஹாவைச் சேர்ந்த மல்லிகா. கணவர் சிவலிங்கம் பேராதனை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து, போன வருஷம் காலமானவர். காரியம் முடிந்ததும் உறவுக்காரர் ஆளுக்கொன்றாக உடுப்பைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நீலச் சட்டையை மட்டும் மல்லிகா ஒளித்து வைத்திருந்தார். நல்ல படம் ஒன்றும் இல்லை. ஐடென்டி கார்டில் முறைத்துக்கொண்டிருப்பவர் தன் புருஷனே இல்லையாம். வருஷத் திதிக்குள் அவர் சுவருக்கு வர வேண்டும்.

"இருக்கிறது ஒரே சட்டைதான் நானா. பாத்துச் செய்யுங்க" என்றார், அண்ணன் முறை வைத்து.

பார்த்துத்தான் செய்தேன். அதுதான் வினை. டிக்கெட் பை தொங்கித் தொங்கி இடது தோள் நைந்திருந்தது. உள்ளே துணி கொடுத்துத் தைத்தேன். கொலர் ஒரு பக்கம் எழும்பி நின்றது. அயன் வைத்துப் படுக்கவைத்தேன். சொன்ன நாளில் சட்டைக் கைகளை நீட்டி விரித்து, ரோலரால் நீல மை உருட்டி, ஈரத்தாள் போர்த்திப் பிரெஸ்ஸில் விட்டேன். மல்லிகா வந்து நிற்கவும் நான் தாளைத் தூக்கவும் சரியாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

அவர் தாளின் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நல்லாருக்கு நானா. ஆனா இது கடையில தொங்குற சட்டை. அவரு இல்ல."

திரும்ப மை ஏற்றினால் நூல் அடைத்து, எல்லாம் ஒரே திட்டாகிவிடும். துணியில் மிஞ்சிய மையில் இன்னும் ஒன்றே ஒன்று எடுக்கலாம், அதுவும் வெளிறித்தான் வரும் என்று தலையைச் சொறிந்தேன்.

மல்லிகா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கத்தரிக்கோலை வாங்கி என் தையலைப் பிரித்தார். கொலரை எழுப்பிவிட்டார். சட்டையின் இடது கையை மூன்று மடிப்பு மடித்தார், வலது கையை இரண்டு. இரண்டும் சமமாக இருக்க வேண்டாமா என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

"அவரு சமமா மடிச்சா அன்னைக்கு மழை பெய்யும்" என்றார்.

மடித்ததில் உள்பக்கம் தெரிந்த இடங்களுக்கு விரலால் கொஞ்சம் மை தொட்டு வைத்தேன். இந்த மடிப்புகளோடு சட்டை பிரெஸ்ஸுக்குள் போகாது. தாளைப் போர்த்தி நான் அசையாமல் பிடிக்க, அவர் கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார்.

தூக்கினோம். மங்கலான நீலம். ஒரு தோள் இறங்கி, பஸ் மிதிபலகையில் சாய்ந்த வாக்கில் ஓர் ஆள் நின்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ தாளைப் பார்த்து ஏசத் தொடங்கினார்.

"இந்தக் கொலர மடக்கி விடுங்கன்னு எத்தன தரம் சொல்லியிருக்கேன்?"

அதற்குப் பிறகுதான் அழுதார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சட்டையை விரிக்கும் வேலையை அந்த வீட்டு ஆட்களிடம் விடுங்கள். நீங்கள் தாளைப் பிடித்தால் போதும்.