கோதுக்குப் பூசுகிற கிறீஸ்

அருட்பிரகாசம் 1986இல் நோர்வேக்கு வந்தார். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் ஐந்து வருடம் நின்றபடி மீன் வெட்டினார். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, கிழக்குப் பக்கத்தில் ஒரு உலோக வேர்க்சொப்பில் கடைசல் இயந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கே பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயர் இயந்திரத்தின் பக்கத்தில் மட்டும்தான் செல்லுபடியானது. பதினொரு மணிக்கு எல்லாரும் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டால் அவர் ஒரு ஆளில்லை.

மேசையில் கதைப்பது அத்தனையும் அவருக்கு விளங்கும். இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டை, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, வசந்தத்தில் மலை வீட்டுக் கூரை. எதிலும் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில் தானும் சிரித்துவிட்டு, சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிவிடுவார். இப்படிப் பதினான்கு வருடம் போனது.

2005இல் ஒரு நாள், பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்த ஆர்வே, நீயும் ஒருமுறை எங்களோடு காட்டுக்கு வரலாமே என்று கேட்டான். போகிற போக்கில் சொன்ன வார்த்தை அது. அருட்பிரகாசம் அதைப் போகிற போக்கில் விடவில்லை. மாலை வகுப்புக்குப் போய் வேட்டைக்காரர் பரீட்சை எழுதினார். முதல் முறை தவறி, இரண்டாம் முறை சித்தியடைந்தார். அனுமதிப்பத்திரம் எடுத்து, பழைய துப்பாக்கி ஒன்றும் அதைப் பூட்டி வைக்க இரும்பு அலுமாரியும் வாங்கினார். அடுத்த இலையுதிர்காலத்தில் ஆர்வேயின் வேட்டைக் குழுவோடு போனார். துப்பாக்கி பிடிக்க அல்ல, சுடுகிறவர்கள் பக்கம் மானை விரட்ட. நாள் முழுக்கச் சேற்று நிலத்தில் கூவிக்கொண்டு நடந்தார். குழுவில் ஒரு கிழவர் இரண்டு மூன்று வருடத்தில் விலகிவிடுவார், அந்த இடம் உனக்குத்தான் என்று ஆர்வே சொன்னான்.

நடை முடிந்து குழுவின் மரவீட்டில் காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டு இருந்தபோதுதான் அவர் அந்தக் கதையை முதன்முதலில் கேட்டார். அந்த ஆட்கள் கடையில் துப்பாக்கி ரவை வாங்குவதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே திரும்ப நிரப்புகிறார்கள். சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. சுட்ட கோது சூட்டில் கொஞ்சம் பருத்திருக்கும். அதை உருக்கு அச்சு ஒன்றுக்குள் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அமுக்க முன்னர் கிறீஸ் பூச வேண்டும். குறைந்தால் கோது அச்சுக்குள் இறுகிவிடும். கூடினால் கிறீஸ் கோதின் கழுத்துக்குக் கீழேயுள்ள தோளில் தேங்கி அதை நெளித்துவிடும். எந்தக் கிறீஸ் திறம் என்பதில் குழுவில் இருந்த ஐந்து பேரும் ஒன்றரை மணித்தியாலம் வாதாடினார்கள். அருட்பிரகாசம் வாய் திறக்கவில்லை. ஆனால் இது உலோகம், அளவு, உராய்வு. இது தன்னுடைய ஊர்ப் பாதைபோல என்று அவருக்குப் பட்டது.

அவருடைய மகள் கஜேந்தினி அந்த வருடம் தாதிப் படிப்புக்குப் பேர்கனுக்குப் போயிருந்தாள். ஸ்டோவ்னரில் அவர்களுடைய மாடி வீட்டில் அவளுடைய அறை சும்மா கிடந்தது. அங்கே ஒரு பலமான மேசை போட்டார். அச்சைப் பொருத்தும் பிரஸ்ஸைத் தெரிவுசெய்ய ஒரு மாதம் எடுத்தார். முன்பக்கம் திறந்த பிரஸ் கைக்கு வசதி, ஆனால் பாரம் ஏறும்போது மயிரளவு வளையும். அதனால் சுற்றிவர மூடிய, பாரமான வார்ப்பிரும்பு பிரஸ்ஸை வாங்கினார். வெடிமருந்து நிறுக்க மின்சாரத் தராசு வேண்டாம் என்று பழைய மாதிரித் துலாத் தராசு எடுத்தார்.

கிறீஸில்தான் பிழைத்தார். தெளிக்கிற கிறீஸ் ஒன்று வாங்கி, அது காய முன்னரே முதல் கோதை அமுக்கினார். இறுகிவிட்டது. நெம்புகோலை இழுத்தபோது கோதின் விளிம்பு கிழிந்து கையோடு வந்தது. அடுத்த நாள் அச்சை வேர்க்சொப்புக்குக் கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் கோதின் அடியில் துளை போட்டு, அதில் திருகுப் புரி வெட்டி, திருகாணியை முறுக்கி இழுத்து எடுத்தார். அச்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஆர்வே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மேசையில் இருந்த எல்லாரும் பாண் துண்டும் கையுமாக எழுந்து வந்தார்கள். தன்னிடமும் இப்படி ஒரு அச்சு இரண்டு வருடமாக இறுகிக் கிடக்கிறது என்றான் ஒருவன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அருட்பிரகாசம் கிறீஸைப் பரீட்சித்துப் பார்த்தார். கையளவு பஞ்சு மெத்தையில் எண்ணெய் ஊற்றிக் கோதை உருட்டுகிற முறை ஒன்று. தெளித்துவிட்டுக் காயவிடுகிற முறை ஒன்று. சின்னத் தகர டப்பாவில் வருகிற மெழுகை விரல் நுனியால் தடவுகிற முறை ஒன்று. ஒவ்வொன்றிலும் நூறு கோது. மைக்குரோமீற்றரால் அளந்து ஒரு கொப்பியில் தமிழில் எழுதினார். மெழுகுதான் வென்றது. ஒரு தடவை தொட்டால் ஐந்தாறு கோதுக்குப் போதும். வேலை முடிந்ததும் துளிகூட இல்லாமல் துடைத்துவிடவும் வேண்டும். கிறீஸ் உள்ள கோது சுடும்போது துப்பாக்கி அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளாது, வெடியின் உதை முழுவதும் துப்பாக்கியின் பின்பூட்டில் விழும்.

இதை அவர் மேசையில் சொன்னார். பதினொரு மணிக்குத் தொடங்கியவர் பதினொன்றரைக்குத்தான் முடித்தார். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அடுத்த கிழமையிலிருந்து வாளி வாளியாகக் கோதுகள் வரத் தொடங்கின. ஆர்வேயின் வாளி, ஆர்வேயின் மைத்துனனுடைய வாளி, குழுவில் மற்றவர்களுடையது. மருந்து நிரப்புவதை அவரவர் செய்துகொள்வார்கள். அமுக்கித் துடைத்துக் கொடுப்பது அருட்பிரகாசம். அவர் சந்தோசமாகச் செய்தார். தன்னிடம் வேலை வாங்குகிறார்கள் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

அவருடைய மனைவி மனோகரி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. அவளுடைய தம்பியை ஊரில், கோப்பாய் வீட்டு வாசலிலேயே சுட்டிருந்தார்கள். ஆமிக்காரர் போன பிறகு முற்றத்தில் கிடந்த கோதுகளைப் பொறுக்கி எறிந்தது அவள்தான். அருட்பிரகாசத்துக்கு அது தெரியும். மேசை போட்ட நாளில், இது மிருகத்துக்கு, மனுசருக்கு இல்லை என்று சமாதானம் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

2009 வந்தது. மனோகரியின் தங்கை செல்வமலர் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. ஏப்ரலில் ஒஸ்லோத் தமிழர்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடி நின்றார்கள். மனோகரி வேலை முடிந்த கையோடு ரீ-பான என்கிற நிலக்கீழ் ரயிலில் ஏறி அங்கே போவாள். அருட்பிரகாசம் இரண்டு நாள் போனார். மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை. கத்தி என்ன நடக்கப் போகிறது என்று கேட்டார். அத்தோடு, வேட்டைக்காரர் வருடாவருடம் செய்யவேண்டிய சுடும் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு வாளிக் கோது காத்திருந்தது.

மே மாதம் மூன்றாம் கிழமை, ஒரு பின்னேரம், கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. செல்வமலர், புருசன், மூத்த பிள்ளை மூவரும் ஒரே பதுங்குகுழியில் செத்துப்போனார்கள். சின்னவளைப் பற்றித் தகவல் இல்லை. மனோகரி குசினித் தரையில் இருந்துவிட்டாள். அருட்பிரகாசம் பக்கத்தில் குந்தி அவள் தோளில் கை வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பேர்கனுக்கு எடுத்து மகளுக்குச் சொன்னார். ஒரு மணித்தியாலம் அவளோடு இருந்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கை பழகிய வேலையைத் தொடங்கினார். நெம்புகோல் இறங்கும் சத்தம், ஏறும் சத்தம். கோது தட்டில் விழும் சத்தம்.

ஒன்பது நாள் கழித்துக் காலையில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்தார்கள். அனுமதிப்பத்திரம் சரி, அலுமாரி சரி, மருந்தும் அளவுக்குள்தான் இருக்கிறது என்றார்கள். ஆனாலும் இவ்வளவு கோது ஏன், வேறு ஆட்களுடையது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த வருடம், தமிழர் ஒருவருடைய வீட்டில், அந்தக் கேள்விக்கு உடனே பதில் எடுபடவில்லை. துப்பாக்கி, பிரஸ், அச்சு, கோது வாளிகள், டப்பாக்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொண்டு போனார்கள். தமிழில் எழுதியிருந்த கொப்பியையும் எடுத்தார்கள்.

கொப்பியை மொழிபெயர்க்கப் பத்துக் கிழமை எடுத்தது. அதற்குள் செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. ஹொல்ம்லியாவில் ஒரு பிறந்தநாள் விழாவில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், நீங்கள் செய்ததை அங்கை சண்டைக்கு அனுப்பியிருந்தால் உதவியாக இருந்திருக்கும், இஞ்சை மானுக்குத்தானே செய்தனீங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பொலிஸ் ஆர்வேயையும் மற்றவர்களையும் அழைத்து விசாரித்தது. வேர்க்சொப் மேசையில் அந்த நாளிலிருந்து கிறீஸ் கதை நின்றுபோனது.

ஓகஸ்டில் எல்லாம் திரும்பி வந்தது. குற்றமொன்றும் இல்லை என்று கடிதம். கொப்பியின் நோர்வேஜிய மொழிபெயர்ப்பும் அதற்குள் இருந்தது. இருபத்தாறு பக்கம். மெழுகு மெல்லியதாக, நல்லது. எண்ணெய் கூடிவிட்டது, தோள் நெளிவு. மறுபடி பார்க்கவும். அவர் அதைப் படிக்கவில்லை. கடிதத்தோடு இணைத்திருந்த சுருக்கத்தைத்தான் படித்தார். முறைப்பாடு குடியிருப்புச் சங்கத் தலைவரிடமிருந்து வந்தது என்றும், தலைவருக்குத் தகவல் தந்தவர் அருட்பிரகாசத்தின் மனைவி என்றும் அதில் எழுதியிருந்தது.

மனோகரி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஓம். நான்தான் சொன்னனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மூண்டு வருசமாச் சொல்லிக்கொண்டுதானே இருந்தனான். அந்த அறைக்குள்ளை ஒருநாள் வந்தனானோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தச் சத்தம் நிக்கவேணும் எண்டு மட்டும்தான் நினைச்சன். தலைவர் வந்து உங்களோடை கதைப்பார் எண்டு நினைச்சன். பொலிஸைக் கூப்பிடுவார் எண்டு தெரியாது."

அருட்பிரகாசம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னார்.

"அங்கை மேசையிலை நான் பதினாலு வருசம் வாய் திறக்கேல்லை, மனோகரி. கதைக்கிறதுக்கு எனக்கு ஒண்டுமே இருக்கேல்லை. இது ஒண்டுதான் கிடைச்சது. உமக்கு விளங்காது."

"என்னோடை கதைச்சிருக்கலாமே," என்றாள் அவள். "நானும் இந்த வீட்டுக்குள்ளை வாய் திறக்காமல்தானே இருந்தனான்."

அவள் குசினிக்குள் போய்விட்டாள். இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

செப்டெம்பர் நடுப்பகுதியில் ஆர்வே அவருடைய இயந்திரத்தடிக்கு வந்தான். கிழவர் விலகிவிட்டார், ஆனால் அந்த இடத்துக்குத் தன் மைத்துனனின் மகன் வருகிறான், குழு நிறைந்துவிட்டது என்றான். விரட்டுகிற வேலைக்கும் இந்த முறை ஆள் தேவையில்லை. உன்மேல் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை என்று கேட்காமலே இரண்டு தடவை சொன்னான். பிறகு, அமுக்கி முடிந்த கோதுகள் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டான். அருட்பிரகாசம் தலையாட்டினார். அடுத்த நாள் ஆறு வாளிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன. மீதிக் கோதுகளை ஸ்டோவ்னர் வீட்டு அறையில் இருந்தபடி அந்தக் கிழமைதான் அமுக்கி முடித்திருந்தார். அந்த மெழுகின் பெயர் என்ன என்று ஆர்வே கேட்டான். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எங்கே வாங்கலாம் என்பதையும் எழுதினார்.

பிரஸ்ஸையும் அச்சுகளையும் ஒரு விளம்பரம் போட்டு விற்றார். டிரம்மனிலிருந்து ஒரு இளந்தம்பதி வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். துப்பாக்கியைத் துப்பாக்கிக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தார். அறை காலியானது. மனோகரி அதைக் கூட்டித் துடைத்து, அங்கே ஒரு சின்ன மேசையில் செல்வமலர் குடும்பத்தின் படத்தை வைத்தாள். காணாமல்போன சின்னவளின் படமும் அதில் இருந்தது. மனோகரி அன்றிலிருந்து மாமிசம் சாப்பிடுவதில்லை.

ஒக்ரோபரில் வேட்டைக் குழு திரும்பி வந்தது. ஆர்வே காலையிலேயே அவருடைய இயந்திரத்தடியில் ஒரு பொதியைக் கொண்டுவந்து வைத்தான். எல்க் இறைச்சி, இரண்டு கிலோ. பிளாஸ்ரிக் உறையில் திகதி எழுதியிருந்தது. கோதுகளுக்கு நன்றி என்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் அருட்பிரகாசம் வாயெடுத்தார். பழக்கத்தில் நன்றி என்பதுதான் வந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மிளகாய்த்தூள் கூடப் போட்டு, தானே கறி வைத்தார். இறைச்சி வேக நெடுநேரம் பிடித்தது. மனோகரி குசினிக்குள் வரவில்லை. மூன்று நாள் அவர் தனியே இருந்து அதைச் சாப்பிட்டு முடித்தார்.