தட்டிப் பார்த்த தூண்

எனக்கு எழுபத்திரண்டு வயது. கொள்ளேகாலில் சித்தாள் வேலை செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள்.

மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்தில் வெறுங்காலோடு நிற்கிறேன். எல்லோரும் அண்ணாந்து கூரையின் கண்ணாடி மயில்களைப் பார்க்கிறார்கள். நான் நீலத் தூணைப் பார்க்கிறேன். கல்லா, காரையா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. புதுக் கட்டடத்தில் பார்ப்பதுபோல விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறேன்.

காவலாளி ஓடி வருகிறார். "அஜ்ஜி, பாட்டியம்மா, தொடக்கூடாது! வெளிய நடங்க."

நான் ஆசைப்பட்டு வந்த தர்பார் மண்டபத்தை இன்னும் பார்க்கவில்லை. கூட வந்த பேத்தி காவ்யா, யாரோ போல நகர்ந்து நிற்கிறாள்.

"போறனுங்க. ஆனா இது கல்லில்லீங்க, இரும்பு."

அவர் முகம் மாறுகிறது. "யாரு சொன்னாங்க?"

"சத்தம் சொல்லுச்சுங்க. கட்டட வேலை செஞ்ச கை இது."

அவர் சிரித்துவிடுகிறார். "சரி மேஸ்திரியம்மா, தர்பார் ஹால் அந்தப் பக்கம். கையக் கட்டிக்கிட்டுப் போங்க."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகாராஜா போலவே மெதுவாக நடக்கிறேன்.

காவ்யா, நான் எழுதிவைத்த இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டு. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நீ, தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் போதும். நீ நகர்ந்து நின்ற இடத்தை மட்டும் சத்தமாகப் படி.